மலைக் காய்கறித் தோட்டத்தில் நெருப்பெறும்பு: மண்ணில் நஞ்சைக் கொட்டாமல் கட்டுப்படுத்தும் முறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய கீழ்ப்பழனி மலை ஊர்களில் புதிதாகக் குடியேறுகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டு பீன்ஸோ தக்காளியோ வைப்பதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு நெருப்பெறும்பின் அறிமுகம் ஒரே மாதிரிதான் நிகழ்கிறது. கொடிக்கம்பு ஊன்றுவதற்காகக் குனிந்து கடப்பாரையை ஒரு முறை இறக்குவார்கள். சற்று நேரத்தில் கணுக்காலைச் சுற்றி இருபது இடங்களில் தீப்பொறி பட்டதுபோல் சுரீரென்று எரியும். ஏறும்போது அது தெரிவதில்லை, எரியும்போதுதான் தெரிகிறது. எனக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் ஆயிற்று. அன்று மாலையே கடைவீதிக்குப் போய், பெயரும் விவரமும் அச்சிடாத ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த வெள்ளைப் பொடியை வாங்கிவந்து புற்றின்மேல் கொட்டினேன். மறுநாள் புற்றின் வாயில் நூற்றுக்கணக்கான எறும்புகள் செத்துக் கிடந்தன. பத்தாம் நாள் அதே புற்று இரண்டு முழம் தள்ளி, பீன்ஸ் பாத்தியின் நடுவிலேயே எழும்பியிருந்தது.

அந்தப் பத்து நாள்களில் நடந்தது என்ன என்று விளங்கிக்கொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி விளங்கிவிடும். புற்றுக்கு வெளியே நாம் காணும் எறும்புகள் அனைத்தும் வேலைக்கார எறும்புகள். அவற்றை எத்தனை கொன்றாலும், மண்ணுக்குள் ஒரு மீட்டர் ஆழம்வரைகூட இறங்கிவிடக்கூடிய ராணி எறும்பு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரே புற்றில் பல ராணிகள் இருப்பதும் உண்டு. ஆகவே எறும்பைக் கட்டுப்படுத்துவது என்பது ராணியைச் சென்றடைவதுதான். அதற்கு வேலைக்கார எறும்புகளைக் கொல்லாமல், அவற்றின் வாயிலேயே மருந்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

எது நெருப்பெறும்பு, எது இல்லை

நம் மலைச்சரிவுகளில் தொல்லை கொடுக்கும் நெருப்பெறும்பு, சொலினாப்சிஸ் ஜெமினேட்டா என்னும் அறிவியல் பெயர் கொண்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இது, 16-ஆம் நூற்றாண்டில் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் பாத்தியில் வைக்கும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், மேரக்காய் ஆகியவையும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதான். வெப்பத்தை விரும்பும் எறும்பாதலால், கொடைக்கானல் நகரம் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தின் குளிரைவிட, ஆயிரம் மீட்டரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரையுள்ள வெயில்படும் சரிவுகளே இதற்குத் தோதானவை. நீலகிரியில் கூடலூர்ப் பக்கமும், குன்னூருக்குக் கீழே பர்லியார் நோக்கி இறங்கும் சரிவுகளும் இப்படிப்பட்ட இடங்கள்தாம்.

அடையாளம் காண்பது கடினமன்று. செம்பழுப்பு நிறம் கொண்டது. ஒரே புற்றில் மூன்று மில்லிமீட்டர் எறும்பும் ஐந்து மில்லிமீட்டர் எறும்பும் சேர்ந்து ஓடும். பெரிய எறும்புகளின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாகவும், சதுரமாகவும், நடுவில் ஒரு பள்ளத்தோடும் இருக்கும். இந்தச் சதுரத் தலைகளைக் கண்டால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும். புற்று கரையான் புற்றுபோல் உயர்ந்து நிற்பதில்லை. சலித்துப் போட்டாற்போன்ற பொலபொலப்பான மண், செடியின் தூரிலோ, கல்லடுக்குச் சுவரின் இடுக்கிலோ, வரப்பிலோ பரவிக் கிடக்கும். மழை பெய்து மண் நனைந்த மறுநாள் இது நன்றாக மேலெழும்பித் தெரியும். புற்று வாயருகே புல்விதைகளின் தோல் குவிந்து கிடப்பதும் ஓர் அடையாளம். இந்த எறும்பு விதைகளைச் சேமித்துத் தின்னும் வழக்கமுடையது.

மாமரத்திலும் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களிலும் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு வேறு. அது கடித்து அமிலத்தைப் பீய்ச்சும்; ஆனால் புழுக்களைப் பிடித்துத் தின்று மரத்தைக் காக்கும். சமையலறையில் வரிசையாக ஓடும் பிள்ளையார் எறும்பு யாரையும் ஒன்றும் செய்வதில்லை. 2022-இல் இதே திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் அருகே கரந்தமலையை ஒட்டிய ஊர்களில் ஆடுமாடுகளையும் மக்களையும் அலைக்கழித்து நாளிதழ்களில் இடம்பெற்ற மஞ்சள் கிறுக்கெறும்பும் வேறுதான். நீண்ட கால்களும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு திக்கில்லாமல் தாறுமாறாக ஓடும் அது கொட்டுவதில்லை. ஃபார்மிக் அமிலத்தைத்தான் பீய்ச்சுகிறது. ஐயம் இருந்தால் பத்து எறும்புகளை ஒரு சிறு குப்பியில் சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டிக் கேளுங்கள். தவறான எறும்பின்மேல் போர் தொடுப்பது வீண் வேலை மட்டுமன்று, நன்மை செய்யும் எறும்பை அழித்து நெருப்பெறும்புக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதாகவும் முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில், யாரும் கால் வைக்காத வரப்பில் இருக்கும் ஒரு புற்றை நான் தொடுவதில்லை. இந்த எறும்பும் புழுக்களையும் பூச்சி முட்டைகளையும் தின்கிறது. பாத்திக்குள், நடைபாதையில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், மாட்டுக் கொட்டகையில், தண்ணீர்க் குழாயின் அருகில் புற்று இருந்தால் மட்டும் கீழே சொல்லும் வேலைகளைத் தொடங்குங்கள்.

முதலில், எவற்றைச் செய்யக் கூடாது

மலைத்தோட்டம் சமவெளித் தோட்டம் போன்றதன்று. இங்கே பாத்தியில் ஊற்றுவது எதுவானாலும் அடுத்த மழையில் கீழ்ப்பாத்திக்கும், அங்கிருந்து ஓடைக்கும் இறங்குகிறது. அந்த ஓடையிலோ அதன் ஊற்றிலோ குழாய் போட்டுத்தான் கீழே உள்ள வீடுகள் குடிதண்ணீர் எடுக்கின்றன. என் தோட்டத்துக்கு மேலேயும் தோட்டங்கள் இருக்கின்றன என்பதால், மேலே இருப்பவர் கையில் என் குடிநீர் இருக்கிறது என்ற நினைவோடுதான் நான் கீழே இருப்பவரின் குடிநீரைப் பற்றி யோசிக்கிறேன்.

ஆகவே மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் ஆகியவற்றைப் புற்றில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அவை மண்ணை நெடுநாள் கெடுத்துவிடும். ஊற்றிய இடத்தில் செடி பிழைக்காது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது காட்டுத்தீக்கு வழிகாட்டுவதாகும். பழைய ஆள்கள் இன்றும் நினைவுகூரும் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிப் பொடி 1997-லேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. குருணை மருந்து என்று கேட்டால் சில இடங்களில் கைக்கு வந்துவிடக்கூடிய போரேட், 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மனிதருக்கும் கால்நடைக்கும் மிகக் கொடிய நஞ்சு அது, மூடியைத் திறந்து நுகர்ந்தும் பார்க்காதீர்கள். எறும்பு சாக்பீஸும் கரப்பான் பூச்சிக்கான பசையும் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கானவை. தின்னும் கீரைக்கும் காய்க்கும் பக்கத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

என்றாவது கடையில் மருந்து வாங்க நேர்ந்தால், அச்சிட்ட சீட்டு ஒட்டாத எதையும் வாங்காதீர்கள். சீட்டில் சாய்சதுர வடிவில் ஒரு நிற அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். உங்கள் பயிர் அதில் இல்லையென்றால் அது உங்களுக்கான மருந்து இல்லை.

உடம்பைக் காத்துக்கொள்ளுதல்

கம்பூட்ஸ் எனப்படும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, அதற்குள் தடித்த காலுறை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை நுனி, முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை ஆகியவை போதும். காலணியின் வெளிப்பக்கத்திலும் மண்வெட்டிக் காம்பிலும் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவித் தேய்த்துவிடுங்கள். பவுடர் பூசிய வழவழப்பான பரப்பில் எறும்பின் கால் பிடிப்பதில்லை, ஏற முயன்று வழுக்கி விழும். பவுடர் நனைந்துவிட்டால் பயனில்லை என்பதால், பனி நனைத்த காலைப்பொழுதில் மறுபடி பூச வேண்டியிருக்கும்.

மீறிக் கொட்டிவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றாதீர்கள். இந்த எறும்பு முதலில் தாடையால் தோலைக் கவ்விக்கொண்டு, பிறகு வாலை வளைத்து, ஒரே இடத்தைச் சுற்றிப் பலமுறை கொட்டும். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகப் பற்றும். துணியாலோ கையுறையாலோ விறுவிறுவென்று தேய்த்து உதறித் தள்ளுங்கள், அந்த இடத்தைவிட்டு விலகியபின் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியை வைத்து ஒற்றடம் கொடுங்கள். கொப்புளம் எழுந்தால் கிள்ளாதீர்கள். உடைந்தால்தான் சீழ் பிடிக்கும். கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கமும் அரிப்பும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றி மயக்கம் வருதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது ஒவ்வாமையின் அறிகுறி. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. 108-ஐ அழையுங்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறிவர நேரமாகும் என்பதை மனத்தில் கொண்டு, கைவசம் வண்டி இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நோக்கி உடனே கிளம்பிவிடுவது நல்லது. முன்பு குளவியோ தேனீயோ கொட்டி இப்படி ஆனவர்கள் இந்த வேலையைத் தாமே செய்யக் கூடாது. வேறொருவரை வைத்துச் செய்யுங்கள்.

நிலக்கடலைச் சோதனை

மருந்து கலந்த இரையை வைப்பதற்கு முன் எறும்பு எதைத் தின்ன விரும்புகிறது, எப்போது வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வறுத்த நிலக்கடலையை இரண்டாக உடைத்து, புற்றிலிருந்து நான்கைந்து அடி தள்ளி ஒரு காய்ந்த இலையில் வையுங்கள். அதன் பக்கத்தில் இன்னோர் இலையில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வையுங்கள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் ஓர் எறும்பு வரும். கடலையைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கும், உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும், பிறகு வயிற்று நுனியை மண்ணில் தொட்டுத் தொட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பும். அது மண்ணில் மணத்தால் வழி எழுதிக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரத்தில் அதே வழியில் வரிசையாக எறும்புகள் வரும். அரை மணிக்குள் கடலை தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தால் அதுவே இரை வைப்பதற்கான நேரம். ஒன்றிரண்டு எறும்புகளே வந்தால் அன்று குளிரோ வெயிலோ அவற்றுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். தை, மாசியில் எங்கள் பக்கம் காலை ஒன்பது மணிவரை எறும்பு வெளியே வருவதே இல்லை; பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியபின்தான் வருகிறது. சித்திரையில் இது தலைகீழாகிவிடும்.

கடலையில் கூட்டம் அதிகமா, பஞ்சில் அதிகமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெருப்பெறும்புக்கு எண்ணெயும் புரதமும் பிடிக்கும். ஆனாலும் இனிப்பை ஒதுக்குவதில்லை. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி சுரக்கும் தேன்பாகைக் குடித்தே பழகிய எறும்பு அது.

போரிக் அமில இரை

இதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். போரிக் அமிலம் எறும்பின் வயிற்றில் மெதுவாக வேலை செய்யும் பொருள். மெதுவாக என்பதே இங்கே முக்கியம். எறும்புகள் தின்றதை ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்றின் வாய்க்கு ஊட்டும் வழக்கமுடையவை. வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது, நீர்மத்தை மட்டுமே விழுங்கும். கெட்டியானதைப் புற்றில் உள்ள தன் குஞ்சுகளான புழுக்களிடம் கொடுக்கும், புழுக்கள் அதைச் செரித்து நீர்மமாகத் திருப்பித் தரும், அதுவே ராணிக்கும் போகும். மருந்து அதிகமானால், ஊட்டப் போகும் முன்பே வேலைக்கார எறும்பு வழியில் விழுந்து செத்துவிடும். இங்கே கைதாராளம் காரியத்தைக் கெடுக்கும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சர்க்கரையையும் 5 கிராம் போரிக் அமிலத் தூளையும் போட்டு, தூள் முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ இந்த அளவு இருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்வது இன்னும் நல்லது. மருந்துக் கடையில் போரிக் அமிலம் என்றே கேட்டு வாங்குங்கள். கேரம் பலகைக்குத் தூவும் பொடியும் அதுதான் என்று சொல்வார்கள். இப்போது அந்தப் பெயரில் மாவுப்பொடியும் வருவதால் அதை நம்ப வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரத்தையும் இதே அளவில் பயன்படுத்தலாம், கரைவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் கலக்க வேண்டியிருக்கும். கலக்கிய கரண்டியும் பாத்திரமும் இனிச் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

உங்கள் எறும்பு கடலையையே அதிகம் விரும்பியிருந்தால், வறுத்து அரைத்த 100 கிராம் நிலக்கடலை விழுதில் ஒரே ஒரு கிராம் போரிக் அமிலத்தைச் சிறிது வெல்லப்பாகோடு சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம். நான் இரண்டையும் வெவ்வேறு டப்பாக்களில் வைக்கிறேன்.

இரையை மண்ணில் ஊற்றக் கூடாது, தூவவும் கூடாது. போரான் செடிக்கு மிகச் சிறிதளவு தேவை. அளவு சற்று மீறினால் நஞ்சு. அதிலும் பீன்ஸ் இதற்கு மிகவும் மென்மையானது, இலையோரம் கருகிவிடும். ஆகையால் மூடியுள்ள பழைய டப்பாவாகப் பார்த்து எடுங்கள். கோணி ஊசியைச் சூடாக்கி, அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் சுற்றிலும் ஐந்தாறு ஓட்டைகள் போடுங்கள். ஓட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நெருப்பெறும்பின் பெருந்தலையும் அதில் நுழையும், தேனீ நுழையாது. காப்பித் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் மலையில், திறந்த தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது அண்டை வீட்டாரின் தேனீக்களுக்கு நாமே நஞ்சு வைப்பதாகும். டப்பாவுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்குக் கரைசலை ஊற்றி மூடியை இறுக்குங்கள். மேலே அழியாத மையால் ‘விஷம்’ என்று பெரிதாக எழுதுங்கள்.

டப்பாவைப் புற்றின் மேலேயே வைக்காதீர்கள். காலடி அதிர்ந்தாலே அவை இரையை விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பும். புற்றிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, பாத்திக்கு வெளியே வரப்பில், எறும்பு வரிசை ஓடும் வழியை ஒட்டி, ஓட்டைகள் மண்மட்டத்துக்கு வரும்படி சற்றுப் புதைத்து வையுங்கள். அதன்மேல் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குக் கனமான ஒரு தட்டைக்கல்லைச் சாய்த்து மூடுங்கள். கல் மழையையும் வெயிலையும் தடுக்கும். குழந்தையும் நாயும் குரங்கும் டப்பாவை எடுக்காமலும் காக்கும். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் வந்துபோகும் தோட்டமானால் டப்பாவை ஒரு கம்பியால் முளைக்குச்சியோடு கட்டிவிடுங்கள். மாலையில் எடுத்து உள்ளே வைத்துக் காலையில் மறுபடி வைப்பது அதைவிடப் பாதுகாப்பு.

நான்கு ஐந்து நாளைக்கு ஒரு முறை கரைசலை மாற்றுங்கள். புளித்துப் பூஞ்சணம் பிடித்த இரையை எறும்பு தொடாது. இரை வைத்திருக்கும் காலம் முழுவதும் அந்தப் புற்றைக் கிளறாதீர்கள், சாம்பலோ மஞ்சள்தூளோ அதன்மேல் தூவாதீர்கள். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். முதல் வாரத்தில் எறும்பு குறையாது; டப்பாவைச் சுற்றிக் கூட்டம் அதிகமாகக்கூடத் தெரியும். என் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஐந்தாம் நாள் வந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எறும்புக்கு விருந்து வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். கூட்டம் அதிகமாவது நல்ல அறிகுறிதான் என்று சொன்னேன். நான்கு முதல் ஆறு வாரங்களில் புற்றின் பொலபொலத்த மண் மழையில் படிந்து, மறுபடி எழும்பாமல் கிடப்பதைக் காண்பீர்கள்.

மழைக்காலத்தில் இந்த வேலை சிறக்காது. கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தையிலிருந்து பங்குனிவரை இதற்கு உகந்த காலம். நீலகிரியின் மேற்குச் சரிவில் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

ஆறு வாரம் காத்திருக்க முடியாத புற்று

வாசற்படியிலோ குழாயடியிலோ இருக்கும் புற்றுக்கு வெந்நீரே மருந்து. குளிர்ந்த இரவுக்குப் பின் வெயில் ஏறும் காலைப்பொழுதில், சூடு தேடி ராணியும் குஞ்சுகளும் புற்றின் மேற்பகுதிக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து, ஏறத்தாழ பத்து லிட்டர் கொதிநீரைப் புற்றின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக நிதானமாக ஊற்ற வேண்டும். மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்; 2,000 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தச் சூடு எறும்புக்குத் தாராளமாகப் போதும். இருந்தாலும் பத்துப் புற்றில் ஆறுதான் ஒரு முறையில் அடங்கும் என்று எதிர்பாருங்கள். மீதிக்கு நான்கைந்து நாள் கழித்து மறுபடி ஊற்ற வேண்டும். செடியின் தூரிலிருந்து ஒரு முழத்துக்குள் ஊற்றினால் வேர் வெந்துவிடும். சரிவில் நிறைகுடமாகக் கொதிநீரைத் தூக்கி நடக்காதீர்கள். பாதி வாளியாக, மேலே மூடி, பூட்ஸ் அணிந்து, குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுக் கொண்டுபோங்கள்.

பாத்திக்குள்ளேயே செடிகளுக்கு நடுவில் உள்ள சிறு புற்றைத் தோண்டி எடுக்கலாம். ஒரு வாளியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை இரண்டு மூடி கலந்து, வாளியின் உள்விளிம்பிலும் வெளிப்புறத்திலும் பவுடர் பூசுங்கள். மண்வெட்டியால் புற்றை அடியோடு, ஒரே வீச்சில் எவ்வளவு மண் வருமோ அவ்வளவையும் அள்ளி வாளியில் போட்டுவிட்டு உடனே விலகுங்கள். வெறும் தண்ணீரில் இந்த எறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மிதவைபோல் மிதக்கும். சோப்புக் கலந்தால் மூழ்கிவிடும். மறுநாள் அந்த மண்ணைப் பாதையோரம் கொட்டிவிடலாம்.

அசுவினியை விட்டுவைத்தால் எறும்பு திரும்பும்

எறும்பு ஏறும் செடியின் குருத்தைத் திருப்பிப் பாருங்கள். அவரை, பீன்ஸ் குருத்தில் கருப்பு அசுவினியோ, கத்தரி, வெண்டையின் கணுவில் மாவுப்பூச்சியோ இருக்கும். அவை சுரக்கும் இனிப்புக்காகவே எறும்பு ஏறுகிறது. அந்த இனிப்புக்குக் கைம்மாறாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டியடிக்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியைக் கழுவித் தள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். எறும்பு குறைந்த தோட்டத்தில் பொறிவண்டு தானாக வந்து சேரும்.

விதைக்கும்போதும் கவனம் தேவை. தூவிய விதையை ஒரே இரவில் சுமந்துசெல்லக்கூடிய எறும்பு இது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை நேராகப் பாத்தியில் விடாமல் தட்டில் வளர்த்து, தட்டை வைக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களுக்கு வைத்தார்களே, அதே ஏற்பாடுதான். கேரட்போல் நேராக விதைக்க வேண்டியவற்றை விதைத்தபின், முளைக்கும்வரை நனைத்த சணல் சாக்கால் மூடிவைத்து அடிக்கடி தூக்கிப் பாருங்கள். பாத்தியோரம் வேப்பம் புண்ணாக்குத் தூவினால் எறும்பு சிலநாள் ஒதுங்கியிருக்கும். அது ஒதுக்குமே தவிர அழிக்காது. சாம்பலும் அப்படியே, காய்ந்திருக்கும்வரைதான் பயன். நம் மலை மண் புளிப்புத்தன்மை உடையது என்பதால் கொஞ்சம் சாம்பல் கெடுதல் செய்யாது. உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் வேண்டாம், மண்ணின் காரம் கூடினால் கிழங்கில் சொறிநோய் வரும். வரப்பில் உள்ள புல்லை அது விதை கட்டுவதற்கு முன்பே அறுத்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிய வேலை. எறும்பின் சேமிப்புக் கிடங்குக்கு வரும் வரவு அதில்தான் நிற்கிறது.

கீழேயிருந்து லாரியில் ஏறிவரும் தொழு உரத்திலும், தென்னை நார்க்கழிவிலும், நாற்றுப் பைகளிலும் புதுப்புற்று ஒளிந்து வரலாம். இறக்கிய அன்றே பாத்தியில் சிதறாமல் ஓரமாகக் குவித்து, குவியலைச் சுற்றி நான்கு இடத்தில் உடைத்த நிலக்கடலையை வைத்து அரை மணி நேரம் பாருங்கள். சதுரத்தலை எறும்பு தென்பட்டால் உரத்தை அங்கேயே வைத்து இரை டப்பாவை நிறுத்துங்கள்.

ஆறாம் வாரத்தின் முடிவில் பழைய புற்றைச் சுற்றி மறுபடி அதே நிலக்கடலைச் சோதனையைச் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் எறும்பு வரவில்லையானால் டப்பாக்களை எடுத்துவிடலாம். வந்தால் இன்னும் இரண்டு வாரம் இரை தொடர வேண்டும். அதன்பின் மாதம் ஒரு முறை, குறிப்பாகக் கோடைமழைக்குப் பின் சிறகு முளைத்த எறும்புகள் பறந்து ஓய்ந்ததும், வரப்பையும் கல்லடுக்குச் சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எடுத்த டப்பாக்களை ஓடையில் கழுவாதீர்கள். மிச்சக் கரைசலைப் பஞ்சில் ஊறவைத்துக் காயவிட்டு, ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிட்டு, போரிக் அமிலப் பொட்டலத்தைப் பெயர் எழுதிய புட்டியில் போட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள்.